இன்னொரு போர் போடுவதற்கு முன்...

நின்றுபோன ஆழ்துளைக் கிணறுகளில் பலவற்றை மீட்டெடுக்கலாம். எது மீளும், எது மீளாது என்பதை அளந்துதான் சொல்ல முடியும்.

பல்லடம், பொங்கலூர், காங்கேயம் பக்கத்துத் தோட்டங்களில் கோடை வந்துவிட்டால் ராத்தூக்கம் கெடும். ஏதாவது ஒரு திசையில் ரிக் வண்டி அடித்துக்கொண்டே இருக்கும். தென்னந்தோப்பின் ஓரம் இரண்டு லாரிகள் நிற்கும். ஒன்றில் துளையிடும் கம்பம், இன்னொன்றில் ராடுகள். சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்த கையோடு ஹேமர் இறங்கும். முதலில் செம்மண் புழுதி, அடுத்து சுக்காம்பாறையின் வெளுப்பு. கேசிங் பைப்பை இறக்கி உறுதியான கல்லைத் தொட்ட பிறகு சாம்பல் நிறப் புகை. தோட்டக்காரர் கயிற்றுக் கட்டிலைப் போட்டு அந்தப் புகையையே பார்த்துக்கொண்டிருப்பார். துகள் ஈரமாகி, குழிவாயில் சேறாகத் தெறித்தால் ஊற்றுத் தட்டிவிட்டது என்று பொருள்.

நள்ளிரவுக்கு மேல், எழுநூறு அடியில், ரிக்காரர் ஒருவர் வந்து நிற்பார்.

"என்னங்ணா, இன்னும் நூறடி போலாங்களா?"

இந்தக் கேள்விக்கு "வேண்டாம்" என்று பதில் சொல்வது கடினம். இதுவரை போட்ட பணம் குழிக்குள் போய்விட்டது. அடுத்த பத்தடியில் ஊற்று இருந்துவிட்டால்? ஆழம் கூடக்கூட அடிக்கான கூலியும் ஏறும் என்று தெரிந்தே, "வந்தது வந்தாச்சு, போடுங்க தம்பி" என்பார் தோட்டக்காரர். விடியும்போது ஆயிரம் அடியைத் தொட்டிருக்கும். செலவு லட்சங்களில் நிற்கும்.

அதே தோப்பில், கூப்பிடு தூரத்தில், பழைய போர் ஒன்று கிடக்கும். நான்கைந்து வருடம் நன்றாக ஓடி, மெல்லக் குறைந்து, ஒரு சித்திரையில் காற்றை மட்டும் கக்கியது. உடனே மோட்டாரை ஏற்றி, மூடி போட்டுவிட்டார்கள். அது ஏன் நின்றது என்று யாரும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால், புதுப் போருக்கு ஆகும் செலவில் சிறு பங்கிலேயே அதை ஓடவைத்திருக்கக்கூடும். அல்லது, அந்தத் தோட்டத்தில் இனி எத்தனை அடி போட்டாலும் பயனில்லை என்பதாவது தெரிந்திருக்கும். இரண்டுமே லட்ச ரூபாய் பெறும் தகவல்கள்.

பாறைக்குள் தண்ணீர் இருக்கும் இடம்

தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய 73 சதவீதம் கடினப் பாறை. கொங்கு மாவட்டங்கள், சேலம், நாமக்கல், தருமபுரி, திண்டுக்கல், கரூர் என்று எங்கே தோண்டினாலும் மேலே கொஞ்சம் மண், அதற்குக் கீழே உளுத்துப்போன கல், அதற்குக் கீழே உறுதியான பாறை. இந்தப் பாறை தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளாது. உளுத்த கல்லின் இடுக்குகளிலும், பாறையில் ஓடும் வெடிப்புகளிலும்தான் நீர் தங்கும். நிலத்துக்கடியில் ஆறு ஓடுவதாகப் பலர் நினைப்பதும், தேங்காயையோ வேப்பங்குச்சியையோ வைத்து அந்த ஓட்டத்தைத் தேடுவதும் இன்றும் நடக்கிறது. உண்மையில் அங்கே இருப்பவை விரல் நுழையாத கீறல்கள். ஒரு போர் அப்படிப்பட்ட இரண்டு மூன்று கீறல்களைக் குறுக்கே வெட்டினால் தண்ணீர் வரும். நாலடி தள்ளிப் போட்ட போர் எதையும் வெட்டாமல் புகையோடு முடியலாம்.

ஆழம் போகப் போக மேலிருக்கும் பாறையின் பாரம் வெடிப்புகளை இறுக்கி மூடுகிறது. அதனால் கருங்கல் நாட்டில் நல்ல ஊற்றுகள் பெரும்பாலும் மேல் முந்நூறு அடிக்குள்தான். ஆயிரம் அடியில் தண்ணீரே கிடைக்காது என்றில்லை. கிடைப்பது குறைவு. கிடைத்த தண்ணீரும் நீண்ட காலம் தங்கிய பழைய நீர், எடுத்த வேகத்தில் திரும்பி வராது.

கொங்கு நாட்டில் இந்த மேல் முந்நூறு அடி ஒரு தலைமுறைக்குள் காலியானது. கவலை ஏற்றத்தில் மாடு இழுத்த காலத்தில் கிணற்றில் ஊறியதைத்தான் எடுக்க முடிந்தது. மின்மோட்டார் வந்தது, பிறகு கிணற்றுக்குள்ளேயே போர் வந்தது, கம்ப்ரசர் ரிக் வந்தது. 1990-களில் விவசாய இணைப்புகளுக்குக் கட்டணமில்லா மின்சாரம் நடைமுறைக்கு வந்தபின், எவ்வளவு ஆழத்திலிருந்து இழுக்கிறோம் என்ற கணக்கே மறைந்துபோனது. திருச்செங்கோடு நாட்டின் ரிக் தலைநகரானது. அங்கே பதிவான வண்டிகள் ராஜஸ்தான் வரை போய்த் துளையிடுகின்றன. 2020-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டின் 1,166 குறுவட்டங்களில் 435 குறுவட்டங்கள், மழை தருவதைவிட அதிகம் உறிஞ்சப்படும் பகுதிகள்.

■ ஓர் இஞ்ச் தண்ணீர் என்றால் எவ்வளவு?

ரிக்காரர்கள் தண்ணீரை இஞ்சில் சொல்வார்கள். 'வி' வடிவில் வெட்டிய பலகை வழியே நீரை வழியவிட்டு, அதன் உயரத்தை அளப்பது முறை. 90 பாகை வெட்டில் ஓர் இஞ்ச் உயரம் வழிந்தால் மணிக்கு ஏறத்தாழ 500 லிட்டர். இரண்டு இஞ்ச் வழிந்தால் 1,000 லிட்டர் என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். சரியான கணக்கு ஏறத்தாழ 2,900 லிட்டர். மூன்று இஞ்சுக்கு 8,000 லிட்டரை நெருங்கும். உயரம் இரட்டிப்பானால் நீர் ஐந்து மடங்குக்கு மேல் கூடும். ஒன்றரை இஞ்சை இரண்டு இஞ்ச் என்று எழுதிக்கொடுத்தாலே மோட்டார் தேர்வு தவறிவிடும்.

ஏன் நின்றது?

நின்றுபோன போர்கள் எல்லாம் வற்றிய போர்கள் இல்லை. நீர்மட்டம் கீழே போனது ஒரு காரணம். வேறு காரணங்களும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் அடையாளம் வேறு, மருந்தும் வேறு.

துளையிடும்போதே தொடங்கும் குறை ஒன்று. ஹேமர் அடிக்கும்போது பாறை மாவாகிறது. கொஞ்சமாக நீர் இருக்கும் போரில் அந்த மாவு குழைந்து, சுவரில் அப்பி, மெல்லிய வெடிப்புகளின் வாயை அடைத்துவிடும். அடித்து முடித்ததும் கம்ப்ரசரை நிறுத்தாமல், தண்ணீர் தெளியும் வரை ஊதிக் கழுவ வேண்டும். அடுத்த தோட்டம் காத்திருக்கும் அவசரத்தில் பல வண்டிகள் அரைமணி ஊதிவிட்டு ராடை உருவிவிடுகின்றன. இப்படிப்பட்ட போரை வருடங்கள் கழித்துக் கழுவினாலும் பலன் தெரியும். ஃப்ளஷிங் என்று ஊரில் சொல்வது இதைத்தான். சரிந்து விழுந்த மண்ணும் கல்லும் அடியில் நிரம்பி, கீழ் ஊற்றை மூடிய போர்களுக்கும் முதல் வைத்தியம் இதுவே.

கேசிங் பைப் இன்னொரு இடம். உளுத்த கல்லோடு நிற்க வேண்டிய குழாயைக் கூடுதலாக இறக்கினால் மேல் ஊற்று அடைபடும். குறைவாக இறக்கினால் மண் சரியும். இரும்புக் கேசிங் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் சேறு உள்ளே வரும்.

மூன்றாவது, உப்புப் படிவு. கடினநீர்ப் பகுதியில் மோட்டாரை ஏற்றினால் குழாய் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசியதுபோல் இருக்கும். குழாயில் படிந்தது வெடிப்பின் வாயிலும் படிந்திருக்கும். சிவப்பு வழவழப்பு ஒட்டியிருந்தால் இரும்புச் சத்தை உண்டு வளரும் நுண்ணுயிர்கள்.

பழி முழுவதும் போர் மேல் விழ, குற்றவாளி மோட்டாராக இருப்பதும் நிறைய. பம்பின் இம்பெல்லர்கள் மணலில் தேய்ந்திருக்கும். அல்லது இறக்கிய குழாயின் இணைப்பில் ஒழுகும். இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் தேவையில்லை. இரவு அரவம் அடங்கியதும் போர் வாயில் காதை வைக்க வேண்டும். மோட்டார் ஓடும்போது மட்டும் உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டு, நிறுத்திய சற்று நேரத்தில் அது அடங்கினால் குழாய் ஒழுகுகிறது. நிறுத்திய பிறகும் சலசலப்பு தொடர்ந்தால் மேல் ஊற்று ஒன்று உயிரோடு இருக்கிறது. அனுபவமுள்ள மோட்டார் மெக்கானிக்குகள் இதைச் சொல்லாமலே செய்வார்கள்.

கடைசியாக, அக்கம்பக்கம். ஒரே இளநீரில் பத்துக் குழாய் போட்டு உறிஞ்சினால் யாருக்கும் நிறையாது. பங்காளி தோட்டத்தில் புதுப் போர் ஓடத் தொடங்கிய மாதத்திலேயே தன் போரில் மட்டம் இறங்கியது என்றால், இங்கே ஃப்ளஷிங் செய்தும் பயனில்லை.

கேமரா காட்டும் சுவர்

இப்போது போருக்குள் கேமரா விட்டுப் பார்க்கிறார்கள். கம்பிச் சுருளின் நுனியில் டார்ச் அளவில் ஒரு குழாய், அதன் முகப்பில் விளக்கு வளையம். மேலே சிறு திரை. மோட்டாரை ஏற்றிவிட்டு, ஒருநாளாவது தூசி அடங்க விட்டு இறக்கினால் படம் தெளிவாக இருக்கும்.

திரையின் மூலையில் ஆழம் ஓடும். முதலில் நீல நிறப் பி.வி.சி. சுவர். அது முடியும் இடத்தில் சில போர்களில் பெரிய பள்ளம் தெரியும்: கேசிங்கிற்குக் கீழே மண் அரித்துக்கொண்டு போன இடம். பிறகு கல். ஹேமர் சுழன்ற வரிகள் அதில் வட்ட வட்டமாகப் பதிந்திருக்கும். இடையிடையே வெள்ளைக் குவார்ட்ஸ் கோடு சாய்வாக வெட்டிச் செல்லும். நூற்றறுபது, நூற்றெழுபது அடியில் சுவரில் ஒரு கறுப்புக் கீறல். அதிலிருந்து நூல் நூலாகத் தண்ணீர் இறங்கி விளக்கொளியில் மின்னும். போரின் பழைய ஊற்று அதுதான். கீறலைச் சுற்றிப் பூசிய சேறு காய்ந்திருந்தால், கழுவ வேண்டிய இடம் எதுவென்று தோட்டக்காரரே கைகாட்டிவிடுவார்.

கீறல் துடைத்துவிட்டதுபோல் காய்ந்திருந்தால் செய்தி வேறு. அந்த மட்டத்துக்கு மேல் நிலம் முழுவதும் வற்றியிருக்கிறது. இதைக் கண்ணால் பார்த்தவர், அடுத்த ஐந்நூறு அடிக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் ஒருமுறை யோசிப்பார். கேமரா வாடகை புதுப் போரின் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. கொங்குப் பகுதியில் இது பழக்கமாக வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் முதல் கோரிக்கை.

அழுத்தத்தில் திறக்கும் வெடிப்பு

ஃப்ளஷிங்கிற்கு மசியாத போர்களுக்கு ஹைட்ரோ ஃப்ராக்சரிங் என்றொரு முறை இருக்கிறது. 1940-களின் இறுதியில் அமெரிக்க எண்ணெய்க் கிணறுகளில் பிறந்த யோசனை. கருங்கல் நிறைந்த நியூ ஹாம்ப்ஷயர் போன்ற மாநிலங்கள் வீட்டுக் குடிநீர்ப் போர்களுக்கு அதை எடுத்துக்கொண்டன. எண்ணெய்க் கிணற்றில் மணலையும் ரசாயனத்தையும் கலந்து செலுத்துவார்கள். குடிநீர்ப் போரில் சுத்தமான தண்ணீர் மட்டுமே. தமிழ்நாட்டில் குடிநீர் வடிகால் வாரியம் நீர் குறைந்த ஊராட்சிப் போர்களில் இதைச் செய்துவருகிறது.

வேலை இப்படி நடக்கும். ராடின் நுனியில் பேக்கர் என்ற ரப்பர் அடைப்பானை மாட்டி, கேசிங்கிற்கு நன்றாகக் கீழே, உறுதியான கல்லில் நிறுத்துவார்கள். அதை விரியவிட்டால் போர் அந்த இடத்தில் இறுகி அடைபடும். அடைப்புக்குக் கீழே லாரித் தண்ணீரை உயர் அழுத்தப் பம்பால் செலுத்துவார்கள். மானியின் முள் ஏறத் தொடங்கும். 50 பார், 80, 100. சில பாறைகளில் 150-ஐயும் தாண்டும். எல்லார் கண்ணும் முள் மேல் இருக்கும். ஒரு கட்டத்தில் முள் சட்டென்று கீழே விழும். தண்ணீர் எங்கோ வழி கண்டுபிடித்துவிட்டது: அடைந்திருந்த வெடிப்பு திறந்தது, அல்லது பக்கத்து வெடிப்போடு இணைப்பு கிடைத்தது. பேக்கரை இன்னும் கீழே இறக்கி மறுபடியும் அதே வேலை. முடிந்ததும் கம்ப்ரசரால் ஊதிக் கழுவி, மோட்டார் போட்டு அளக்க வேண்டும்.

இங்கே ஆசையை அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. மணிக்கு 200 லிட்டர் தந்த போர் 600 லிட்டர் தரத் தொடங்கினால் அது மும்மடங்கு வெற்றி. ஒரு கைப்பம்புக்கோ, சிறு குடியிருப்பின் தொட்டிக்கோ அது வாழ்வு தரும் தண்ணீர். பத்து ஏக்கர் தென்னைக்கு அது காணாது. சுற்றிலும் நீருள்ள வெடிப்பே இல்லாத இடத்தில் எத்தனை பார் அழுத்தினாலும் பயனில்லை, லாரித் தண்ணீர் மட்டுமே திரும்பி வரும். கேசிங்கை ஒட்டி அழுத்தம் கொடுத்தால் மேல்மண்ணின் அழுக்குநீர் இறங்க வழி திறந்துவிடும் ஆபத்தும் உண்டு. "கண்டிப்பா தண்ணி வரும்" என்று வாக்குக் கொடுக்கும் எவரிடமும் தோட்டக்காரர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

திறந்த கிணறு இன்னும் மிச்சமிருக்கும் தோட்டங்களில் சைடு போர் என்ற பழைய வழி இருக்கிறது. கிணற்றின் அடியில் இறங்கி, பக்கவாட்டில் நாலாபுறமும் துளை போட்டுப் பாறை வெடிப்புகளைத் தேடுவது. நூறு அடி ஓடும் ஒரு துளை, செங்குத்து வெடிப்புகள் உள்ள கல்லில் நல்ல பலன் தரும். இறங்குகிறவர்களின் உயிருக்கு அதில் ஆபத்து உண்டு. கிணற்றுக்குள் தேங்கும் வாயு தெரியாமல் இறங்கி இறந்தவர்கள் நிறையப் பேர்.

■ அமிலம்: கைவைத்தியம் வேண்டாம்

சுண்ணாம்புப் படிவைக் கரைக்க அமிலம் ஊற்றுவதும், நுண்ணுயிர்ப் படலத்தைக் கொல்லக் குளோரின் கரைசல் விடுவதும் உலகெங்கும் நடக்கும் முறைகள். இரண்டையும் ஒன்றுசேர்க்கவே கூடாது. பிளீச்சிங் பவுடர் போட்ட போரில் அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய மோட்டார் அறைக்குள் அது உயிரைப் பறிக்கும். அமிலம் கேசிங்கையும் பம்பையும் அரிக்கும். கழிவுநீரை வயலில் விடவும் முடியாது. பயிற்சி பெற்றவர்கள் மட்டும் செய்ய வேண்டிய வேலை.

பெரிய மோட்டார் செய்யும் கெடுதல்

ஆறரை இஞ்ச் போரில் ஓர் அடி உயரத்துக்கு ஆறரை லிட்டர் தண்ணீர் நிற்கும். முந்நூறு அடி தண்ணீர் நின்றாலும் மொத்தம் இரண்டாயிரம் லிட்டர்கூடத் தேறாது. அந்தப் போரில் மணிக்கு 500 லிட்டர் ஊறுகிறது, மோட்டார் மணிக்கு 4,000 லிட்டர் இழுக்கிறது என்றால் அரைமணி நேரத்தில் குழி காலி. மும்முனை மின்சாரம் வந்ததும் தானாக ஓடும்படி ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருப்பதால், ஆளில்லாத நேரத்தில் மோட்டார் வெறுமனே சுற்றிச் சூடாகி எரியும். காயில் கட்டும் கடைக்கு நடை தொடங்கும். "போர் ஓய்ந்துவிட்டது" என்ற தீர்ப்பும் அங்கேதான் எழுதப்படும்.

அதே போரை வேறு விதமாகப் பார்க்கலாம். மணிக்கு 500 லிட்டர் வீதம் ஊறினால் ஒரு நாளுக்கு 12,000 லிட்டர். குழியில் மட்டம் ஏற ஏற ஊறுவது குறையும் என்பதால் அத்தனையும் கைக்கு வராது. மூன்றில் இரண்டு பங்கு வந்தாலே 8,000 லிட்டர். கோடையில் ஒரு தென்னைக்குச் சொட்டுநீரில் நாளுக்கு 100 லிட்டர் என்று வைத்தாலும் எண்பது மரம் பிழைக்கும். சிறிய மோட்டார், அரைமணி ஓட்டி ஒன்றிரண்டு மணி நிறுத்தும் டைமர், நீர் இல்லாதபோது அணைக்கும் டிரை ரன் பாதுகாப்பு, ஊறியதைச் சேர்த்துவைக்கத் தொட்டி அல்லது பழைய கிணறு. போர்த் தண்ணீரைக் கிணற்றில் விட்டு, அங்கிருந்து இன்னொரு மோட்டாரால் பாய்ச்சும் வழக்கம் கொங்கு நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சிறு போர்களுக்கும் கணக்கோடு செய்வதுதான் மிச்சம்.

டெல்டாவில் சிக்கல் வேறு. தஞ்சை, திருவாரூர் பக்கம் மணல்படுகையில் இறங்கும் பில்டர் பாயிண்டுகளில் தண்ணீர் இல்லாத பிரச்சினை அரிது, வடிகட்டிக் குழாயின் கண்கள் நுண்மணலாலும் களியாலும் படிவாலும் அடைபடுவதே நடக்கும். கம்ப்ரசரால் உள்ளும் புறமும் நீரைத் தள்ளி இழுத்தால் கண்கள் திறக்கும். கருங்கல் போருக்குச் சொன்ன ஹைட்ரோ ஃப்ராக்சரிங்கை அங்கே நினைக்கவே வேண்டாம்.

குழிக்குள் போன குடும்பங்கள்

2016-ல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அந்தக் கோடையில் தென்னையைக் காப்பாற்ற ஒரே தோட்டத்தில் மூன்று, நான்கு போர் போட்டவர்கள் உண்டு. தென்னை ஒருபோக நெல் மாதிரி இல்லை. இருபது வருட மரம் போனால் இருபது வருடம் போனது. அந்தப் பயம்தான் நகையை அடகுக்கடைக்கும், பத்திரத்தை வட்டிக்காரரிடமும் கொண்டுபோகிறது. போருக்கு எளிதில் கடன் தருபவர் வெளியாள்தான். புகையோடு முடிந்த போருக்கு எந்த வருமானமும் இல்லை, வட்டி மட்டும் ஓடும்.

பாதிப்பு பணத்தோடு நிற்பதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாறையிலிருந்தே கரையும் ஃபுளோரைடு, குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறையாகவும் பெரியவர்களின் எலும்பில் வளைவாகவும் வெளிப்பட்டது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள நீர் குடிக்கத் தகாதது. கல்லோடு நீண்ட காலம் தங்கிய ஆழ்நீரில் அது கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. அந்த மக்களுக்கு ஆற்றுநீர் கொடுக்கத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் செயல்பாட்டுக்கு வந்தது. குடிப்பதற்காக ஆழப்படுத்தும் எந்தப் போரிலும் நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுத்தான் வாயில் வைக்க வேண்டும்.

■ திறந்து கிடக்கும் குழி

2019 அக்டோபர் 25 மாலை, திருச்சி மாவட்டம் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், கைவிடப்பட்ட போர்க்குழிக்குள் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. நான்கு நாள் மீட்புப் பணிக்குப் பிறகு சடலமாகத்தான் எடுக்க முடிந்தது. உச்ச நீதிமன்றம் 2010-லேயே நெறிமுறை வகுத்திருந்தது: போர் போடுவதற்கு 15 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும், வேலை நடக்கும்போது வேலி போட வேண்டும், கேசிங்கைச் சுற்றி சிமெண்ட் மேடை கட்ட வேண்டும், வாயை இரும்பு மூடியால் இறுக்க வேண்டும், கைவிட்ட குழியை அடியிலிருந்து மேல்வரை மண்ணும் கல்லும் கொண்டு நிரப்ப வேண்டும். மோட்டாரை ஏற்றிய அன்றே மூடி போட்டுப் போல்ட் முடுக்குவது உரிமையாளரின் கடமை. சாக்கும் கல்லும் மூடி ஆகாது.

தண்ணீர் எங்கிருந்து வர வேண்டும்?

ஃப்ளஷிங், ஹைட்ரோ ஃப்ராக்சரிங், சரியான மோட்டார் எல்லாமே இருக்கும் தண்ணீரைப் போருக்குள் கொண்டுவரும் வழிகள். ஒரு துளியைக்கூட அவை புதிதாக உண்டாக்குவதில்லை. ஒரு ஊரில் நூறு போர்களையும் கழுவித் திறந்துவிட்டால் நிலத்தடி இன்னும் சீக்கிரம் காலியாகும். ஆகவே செறிவூட்டலைச் சேர்க்காமல் மீட்பைப் பற்றி மட்டும் பேசுவது அரைக்கணக்கு.

வற்றிய போர் இங்கே ஒரு சொத்து. பத்துக்குப் பத்து அடிக் குழி தோண்டி, கேசிங்கில் துளையிட்டு வலை சுற்றி, பெரிய கல், ஜல்லி, மணல் என்று அடுக்கினால் தோட்டத்தில் ஓடும் மழைநீர் வடிந்து கீழ் வெடிப்புக்குப் போகும். வடிகட்டாத நீரை நேரடியாகக் குழாயில் விடுவது பெரும் தவறு. வண்டல் போய் வெடிப்பை அடைக்கும். உரமும் பூச்சிமருந்தும் சாணியும் கலந்த நீர், ஊரே குடிக்கும் ஊற்றைக் கெடுக்கும். தொழுவம், கழிப்பறை பக்கத்துப் போரை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

ஊரளவில் வேலை செய்வது குளம். அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருந்த அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கிவைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் வரும் உபரிநீரில் 1.5 டி.எம்.சி.யை ஆறு நீரேற்று நிலையங்கள் மூலம் ஏற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளை நிரப்புவது திட்டம். செலவு 1,916 கோடி ரூபாய். குளத்தில் நிற்கும் நீரின் ஒரு பகுதி உளுத்த கல் வழியே இறங்கி, சுற்றுவட்டக் கிணறுகளிலும் போர்களிலும் ஏறும். ஏறிய மட்டத்தை மறுபடி ஒரு கோடையில் உறிஞ்சித் தீர்க்காமல் இருப்பதற்கு இந்தத் திட்டத்தில் எந்த ஏற்பாடும் இல்லை.

சட்டமும் கைகொடுக்கவில்லை. 2003-ல் நிலத்தடி நீர் மேம்பாடு, மேலாண்மைக்கென்று தமிழ்நாடு ஒரு சட்டம் இயற்றியது. முழுமையாக நடைமுறைக்கு வராமலேயே 2013-ல் அது நீக்கப்பட்டது. நிலத்தடி நீரைச் சமூகமே மேலாண்மை செய்ய ஒன்றிய அரசு 2019 டிசம்பரில் தொடங்கிய அடல் பூஜல் திட்டம் ஏழு மாநிலங்களுக்கானது. தமிழ்நாடு அந்த ஏழில் இல்லை.

அளக்கத் தெரிந்த ஊர்கள்

ஒன்றுபட்ட ஆந்திரத்தில் அனந்தபூர், கடப்பா, கர்னூல், சித்தூர், பிரகாசம், நல்கொண்டா, மகபூப்நகர் ஆகிய ஏழு வறட்சி மாவட்டங்களில் 2000-களில் ஒரு முயற்சி நடந்தது. ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு துணைநின்ற அத்திட்டத்தில் மானியம் முதன்மையாக இல்லை, பயிற்சி இருந்தது. அங்கேயும் நம் ஊர் போலவே கருங்கல், போர், கடன். விவசாயிகளுக்கு மழைமானியும் நீர்மட்டம் அளக்கும் கருவியும் கொடுத்து அளக்கக் கற்றுக்கொடுத்தார்கள். படிக்காத பெண்களும் அளந்தார்கள். ஊரின் மழை, போர்களின் மட்டம் எல்லாம் ஊர்ப் பலகையில் எழுதப்பட்டன. ராபி பருவத்துக்கு முன் ஊர்கூடி, நிலத்தடியில் இருப்பு எவ்வளவு, யார் என்ன விதைக்கப் போகிறார்கள், அதற்கு எவ்வளவு தண்ணீர் ஆகும் என்று வரவு செலவு போட்டார்கள். நெல் போடக் கூடாது என்று யாரும் உத்தரவிடவில்லை. கணக்கைப் பார்த்துப் பலர் தாங்களாகவே நெல்லைக் குறைத்து நீர் குறைவாகக் கேட்கும் பயிருக்கு மாறினார்கள்.

நம் தோட்டங்களில் இதற்கு வேண்டியவை அதிகமில்லை. அடுத்தமுறை மோட்டாரை இறக்கும்போது கூடவே அரை இஞ்ச் பி.வி.சி. குழாய் ஒன்றையும் இறக்கிவைத்தால், மோட்டாரை ஏற்றாமலே மட்டம் பார்க்கலாம். இரட்டை ஒயரும் மல்டிமீட்டரும் போதும், நுனி நீரைத் தொட்டதும் முள் அசையும். ஓட்டுவதற்கு முன் மட்டம், ஒரு மணி நேரம் ஓட்டிய பின் மட்டம், நிறுத்திய பின் பழைய மட்டத்துக்கு ஏற எடுத்துக்கொண்ட நேரம், 200 லிட்டர் டிரம் நிறைய எத்தனை நிமிடம். தை மாதம் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை இந்த நாலு எண்களையும் நோட்டில் எழுதிவைத்த தோட்டக்காரர், ரிக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்பே சிலவற்றைத் தெரிந்துகொண்டிருப்பார். ஓட்டாதபோது மட்டம் அப்படியே இருந்து, ஓட்டும்போது மட்டும் முன்னைவிட வேகமாக இறங்கினால் வெடிப்பு அடைபட்டிருக்கிறது, கழுவலாம். மட்டமும் இறங்கவில்லை, டிரம் மட்டும் மெதுவாக நிறைகிறது என்றால் பம்பைப் பார்க்க வேண்டும். ஓட்டாதபோதே மட்டம் வருடா வருடம் இறங்கிக்கொண்டு போனால் ஊர்க் கிணறுகள் எல்லாமே இறங்குகின்றன. அப்போது பேச வேண்டிய இடம் ஊராட்சிக் கூட்டம்.